மைக் டெஸ்டுக்குப் பாடிய பாட்டு

மெல்லிசைக் கச்சேரிக்குக் கூட்டம் வருவதற்கு வெகு முன்பே மேடையில் வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு மைக்கின் முன்னாலும் போய் நின்று ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ என்று சொல்ல வேண்டும். எந்த ஸ்பீக்கர் இரைகிறது, எது ஊமையாகக் கிடக்கிறது என்று ஒலி அமைப்புக்காரர் கீழே நின்று கேட்டுச் சரி செய்வார். எங்கள் குழுவில் நான் கீபோர்டு. பகலில் கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். சாயங்காலமானால் ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை எங்கே கோயில் நோம்பி, எங்கே கல்யாணம் என்று வேனில் ஏறிப் போய்விடுவேன். சுருதி தெரிந்த எனக்கு அந்த ஒன், டூ, த்ரீயைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

எங்களுக்கு டோலக் வாசித்தவர் என் வயதுக்காரர். அவருக்கும் அது பிடிக்காது. ‘கணக்கு வாத்தியாராட்டவே இருக்குதுங்க’ என்பார். அதற்குப் பதிலாகத் தானே ஒரு பாட்டைக் கட்டி வைத்திருந்தார். நாலே வரி. மைக்குக்கு மைக் நடந்துகொண்டே, தொடையில் தட்டியபடி, விறுவிறுவென்று பாடிவிட்டுப் போய்விடுவார்.

வந்தவுங்க உக்காருங்க
வாரவுங்க மெல்ல வாங்க
வராத ஒருத்தருக்கு
வாசலோரம் நாற்காலி.

மூன்றாவது வரி முடிந்ததும் சட்டென்று நிறுத்துவார். ஸ்பீக்கரில் இரைச்சல் இருந்தால் அந்த அமைதியில்தான் காதுக்குத் தெரியும். தொழிலுக்காக விட்ட இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் மறுபடி எடுக்கும்போது தாளம் விழுகிற இடத்தில் எடுக்க மாட்டார். அரை அடி தள்ளி எடுப்பார். அந்த அரை அடிக்குள் யார் அந்த வராத ஒருத்தர் என்று மனசு தேடிக்கொண்டு கிளம்பிவிடும். எனக்கு எத்தனையோ பேர் ஞாபகத்துக்கு வந்திருக்கிறார்கள். எதிரே இருப்பது காலி பிளாஸ்டிக் நாற்காலிகளும் அவற்றை வரிசை போடுகிற இரண்டு ஆட்களும்தான். கூட்டம் சேரும்போது அந்தப் பாட்டு முடிந்து போயிருக்கும். வழக்கமான சாமிப் பாட்டோடு கச்சேரி தொடங்கும்.

அந்தப் பாட்டின் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் நிறையப் பாட்டு போட்டிருக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு, யாரோ கட்டிய கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு, ஒரு நூற்பாலையின் பொங்கல் விழாவுக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தேன். எல்லாரும் ‘நல்லாருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டு நேராகப் பந்திக்குப் போனார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், மூஞ்சிக்கு நேரே நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிற அளவுக்கு நான் முட்டாளும் இல்லை. ராகம், தாளம், சாஸ்திரம் எல்லாம் கற்றவனுக்கு வராத ஒன்று, தொடையில் தட்டிக்கொண்டு நடக்கிறவருக்கு எப்படி வந்தது என்று வேன் ஜன்னலோரம் உட்கார்ந்து பொருமியிருக்கிறேன். அவரிடம் ஒருநாளும் அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. எனக்குள் அதை முணுமுணுத்துக்கொள்வதும் இல்லை. முணுமுணுத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பிறகு கல்யாண வீடுகளில் எங்களுக்குப் பதிலாக டிஜே வைத்தார்கள். குழு கலைந்தது. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். டோலக் நண்பர் உக்கடம் பக்கத்தில் மாமனாரின் பேக்கரியை எடுத்து நடத்தத் தொடங்கினார். பேருந்து மாறும்போது அங்கே டீ குடிப்பேன். அவருக்குச் சர்க்கரை, எனக்கு ரத்த அழுத்தம். அதைப் பற்றியே பேசுவோம். பாட்டைப் பற்றிப் பேசினதில்லை.

போன வருடம் என் மகள் உண்டானாள். அவளைப் பொள்ளாச்சிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். வளைகாப்புக்கு நாள் குறித்ததும் போனில் கூப்பிட்டாள்.

“ஏனுங்கப்பா, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பாட்டு செஞ்சு குடுக்கறீங்க. எனக்குன்னு ஒண்ணுகூட இல்லீங்களே.”

சுருக்கென்றது. அவள் சொன்னது நிஜம். வளைகாப்பன்று நானே பாடுகிறேன் கண்ணு என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து கீபோர்டின் முன் உட்கார்வதும் எழுந்திருப்பதுமாகப் போயிற்று. வந்ததெல்லாம் ஆண்டு விழாப் பாட்டு. எனக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. பெற்ற மகளுக்கு ஒரு நல்ல பாட்டு செய்ய முடியாதவன் இத்தனை வருடம் என்னத்தைக் கிழித்தான் என்று மனசு கேட்டது. நல்ல பாட்டு ஒன்றே ஒன்று, அது மட்டும் என்னிடமிருந்து வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தை வைத்துவிட்டு நின்றேன். அப்போது அந்த மெட்டு வந்தது. தேடிப் போகவில்லை, தானாக வந்தது. தாலாட்டு மாதிரி மெதுவாக, வார்த்தையும் சேர்ந்தே வந்தது.

வளையலெல்லாம் பேசட்டும்
வயித்துக்குள்ள கேக்கட்டும்
வரப்போற கண்ணுக்கு
வழியெல்லாம் நெழலிருக்கு.

மூன்றாவது வரிக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டுப் பாடினேன். அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. இப்படி நிறுத்த எனக்குத் தோன்றியதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். குடம் நிரம்பி வாசல் முழுக்கத் தண்ணீர் ஓடியது. உள்ளேயிருந்து மனைவி சத்தம் போட்டாள்.

அவளிடம்தான் முதலில் பாடிக் காட்டினேன். என் பாட்டுக்கெல்லாம் மிக்ஸியிலிருந்து கண்ணெடுக்காமலே ‘ம்’ கொட்டுகிறவள் அவள். அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“நீங்களேவா செஞ்சீங்க?”

“பின்ன, பக்கத்து ஊட்டுக்காரனா வந்து செஞ்சான்?”

எனக்குக் கோபம்கூட வந்துவிட்டது. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. மகளுக்குப் போனிலேயே பாடினேன். முழுசும் கேட்டு முடித்தாள். அப்புறம், “உங்க பாட்டுலயே இதுதானுங்கப்பா பாட்டு” என்றாள். அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் பாடினேன். காய்கறிக் கடையில் முணுமுணுத்தேன். கடைசியில் எனக்கும் வந்துவிட்டது என்று இருந்தேன்.

பொள்ளாச்சி சாலையில் சின்ன மண்டபம். மகளை நடுவில் உட்கார வைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசி, கைக்கு முழங்கை வரை வளையல் அடுக்கியிருந்தார்கள். பேக்கரி நண்பரையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தேன். தட்டுத் தட்டாகத் தேங்காய் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆண்கள் பக்கம் முன் வரிசையில் உட்கார்ந்தார். உள்ளதைச் சொன்னால் அவர் கேட்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ‘நீங்க ஒண்ணு செஞ்சீங்க, இப்பப் பாருங்க நானும் ஒண்ணு செஞ்சிட்டேன்’ என்று அவருக்கு மட்டும் காட்ட வேண்டும் போலிருந்தது.

பாடத் தொடங்கினேன். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நண்பர் கண்ணை மூடி, நாற்காலிக் கைப்பிடியில் விரலால் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார். டோலக் கை, சும்மா இருக்காது. மூன்றாவது வரியை முடித்து நிறுத்தினேன். அவர் விரலும் நின்றது. அது பெரிதில்லை, நான் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். ஆனால் நான் எடுப்பதற்கு முன்னாலேயே, தாளம் விழுகிற இடத்தை விட்டு அரை அடி தள்ளி, விரல் போய் விழுந்தது. நாலாவது வரி அங்கேதான் வர வேண்டும். முதல் தடவை கேட்கிற எவனுக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. வாசித்துப் பழகிய நானே கேட்டிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன், பாடுகிறவன் என்பதால் தெரியும்.

விரல் விழுந்த அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. மேடை, காலி நாற்காலிகள், தொடையில் தட்டிக்கொண்டு நடக்கிற மனிதர், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. மெதுவாக்கினால் எந்தப் பாட்டுக்கும் முகம் மாறிவிடும். எனக்கும் அடையாளம் தெரியவில்லை. வராத ஒருத்தரை எழுப்பிவிட்டு வரப்போகிற குழந்தையை உட்கார வைத்திருக்கிறேன். நாற்காலி நண்பருடையது. காது மடல் வரை சூடு ஏறியது. பாட்டை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். மகள் சந்தனக் கன்னத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடி முடித்தேன்.

கை தட்டினார்கள். என் சம்பந்தி எழுந்து வந்து தோளில் கை வைத்து ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. நண்பர் மெதுவாக எழுந்து வந்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்தவன் போல நின்றேன்.

“ஏனுங்க வாத்தியாரே, எப்பங்க செஞ்சீங்க இத?”

“ஏனுங்க?”

“தெரீலீங்க. கேக்கக் கேக்க நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க. நானும் மேடைல உக்காந்து எத்தனையோ பாட்டுக்குத் தட்டியிருக்கறனுங்க. எதுக்கும் ஆசப்பட்டதில்ல. இது ஒண்ண மட்டும் நாம செஞ்சிருக்கக் கூடாதான்னு இருக்குதுங்க.”

கோயமுத்தூர்க் குசும்பாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் மரியாதையாகப் பேசிக்கொண்டே ஆளை உரித்துத் தொங்கவிடுவார்கள். அவர் முகத்தில் அது இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நடுவால நிறுத்துன எடத்துல, நா எடுக்கறதுக்கு முன்னாடியே தட்டுனீங்களே. எப்பிடிங்க தெரிஞ்சுது?”

“தட்டுனனுங்களா? எனக்குத் தெரீலீங்களே. நல்ல பாட்டுன்னா கை அதுபாட்டுக்குப் போயிருமுங்க.”

அவர் மறந்துவிட்டார். ஒன், டூ, த்ரீ சொன்னதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்களா? அவருக்கு அது வேலை. விரல் மட்டும் மறக்கவில்லை, அந்த விரலும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உலகத்தில் அது யார் பாட்டு என்று தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். வாயை மூடிக்கொண்டு பந்திக்குப் போய் உட்கார்ந்தால் தீர்ந்தது. மனைவி வேறு புளிசாதம் ஆறுகிறது என்று கூப்பிட்டாள்.

நண்பரைக் கை கழுவும் இடத்துப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனேன்.

“இது உங்குளுதுங்க.”

“எதுங்க?”

“இந்தப் பாட்டு. மைக் டெஸ்டுக்குப் பாடுவீங்களே, வந்தவுங்க உக்காருங்கன்னு. அது.”

மெல்லிய குரலில், பழைய வேகத்தில் பாடிக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டார். பிறகு சிரித்தார்.

“அந்த வெளையாட்டுப் பாட்டுங்களா? அது எங்க கெடக்குது, இது எங்க இருக்குது?”

“மெட்டு அதேதானுங்க. நா மெதுவாப் பாடியிருக்கறேன், அவ்வளவுதானுங்க.”

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “வாத்தியாரே, நா ஏதோ ஆசப்பட்டுச் சொல்லிப்போட்டேன்னு பாட்டையே தூக்கி எனக்குக் குடுக்கறீங்களே. இந்த மனசு யாருக்குங்க வரும்?”

இல்லைங்க என்றேன். அவர் கேட்கவில்லை. கையை விடாமல் இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். தன் மனைவியிடம் சொன்னார். என் சம்பந்தியிடம் சொன்னார். “இப்பேர்ப்பட்ட பாட்டச் செஞ்சுபோட்டு, இது உங்குளுதுன்னு எங்கிட்டச் சொல்றாருங்க இந்த மனுசன், இதவிடப் பெரிய மனசு எங்கீங்க பாக்க முடியும்?” என்றார். எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். வித்துவானாகப் பார்த்தவர்கள் இப்போது நல்லவனாகவும் பார்த்தார்கள். “எங்கப்பா அப்பிடித்தானுங்க” என்று மகள் சொன்னது காதில் விழுந்தது. மனைவி மட்டும் என் முகத்தையே பார்த்தாள். நான் தண்ணீர் டம்ளரைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அந்த இடத்திலேயே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். மகளைக் கூப்பிட்டு, கண்ணு, இது எனக்கு வந்த பாட்டு இல்லை, அவரிடமிருந்து என்னை அறியாமல் எடுத்தது என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கலாம். குரல் இல்லாதவனா நான்? கை கழுவும் இடத்தில், தண்ணீர்ச் சத்தத்தில், ஒருத்தர் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னேன். உண்மையைச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

இது உங்குளுதுங்க என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தபோதே, இவர் நம்பிவிடக் கூடாது சாமி என்று உள்ளே வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தபோது எனக்கு உயிர் வந்தது. அவமானம் அதற்கு அப்புறம்தான் வந்தது, அதுவும் மெதுவாக வந்தது.

சாப்பாடு முடிந்ததும் இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். நண்பர்தான் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். மகளைப் பார்த்தபடி, என் பாட்டு என்றே நினைத்துக்கொண்டு பாடினேன்.