ஒரு ஜப்பான் ஊரோடு என் சண்டை

மரக்கறிக் கடையில் நிற்கிறவனுக்கு முதலில் முழங்கால் போகும், அதன்பிறகு பொறுமை போகும், கடைசியில் மிஞ்சுவது தராசுக்கு முன்னால் வந்து நின்று கதைக்கிற ஓர் ஆள் மட்டும்தான்.

என்னைப்போலக் கடைகளில் நின்று கால் வீங்கியவர்களுக்கு இது விளங்கும். 2009இல் நான் பாரிசில், எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் ரெஸ்ரோறண்டுகளில் கோப்பை கழுவினேன். எட்டாம் வகுப்போடு படிப்பு சரி. எனக்கு மிஞ்சிய ஆள் சபா. நானும் அவனும் ஒரே காலத்தில் பிரான்சுக்கு வந்து, ஒரே அறையில் படுத்து, ஒரே தொட்டியில் கோப்பை கழுவியவர்கள். வேலையை விட்டு ஓய்வெடுத்த பிறகு அவன் ஒவ்வொரு பின்னேரமும் நகரத்துக்கு வெளியே எபினேயில் இருந்து ரயில் ஏறிக் கடைக்கு வருவான். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பிளேன்ரீ குடிப்பான். இரண்டு பேரும் ஊர் உலகத்தைப் பற்றிக் கதைப்போம். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவனுக்குத் தர்சினி என்று ஒரு மகள். அவளுடைய புருசனுக்குக் கம்பியூட்டர் வேலை. அந்த வேலை அவர்களை ஜப்பானுக்குக் கொண்டுபோனது. டோக்கியோவில் இருந்து ஒரு மணித்தியால ரயில், சைத்தாமா பக்கம் ஏதோ ஓர் ஊர். அப்பாவை வந்து நில்லுங்கோ என்று அவள் கூப்பிட்டாள். அன்றைக்குத் தொடங்கியது என் வயிற்றெரிச்சல்.

பார்க்க ஒன்றும் இல்லாத ஊர்

முதல் தரம் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தான். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று, கோபுரம் பார்த்தீங்களோ, பனிமலை பார்த்தீங்களோ என்று கேட்டார்கள். சபா தலையை ஆட்டினான். அந்த ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை என்றான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. கதை இத்தோடு முடிந்தது என்று கத்தரிக்காயை நிறுக்கத் தொடங்கினேன்.

முடியவில்லை. ஊரின் நடுவால் ஒரு சின்ன ஆறு போகிறதாம். கரையில் புல்லு மேடு கட்டி நடக்க வழி விட்டிருக்கிறார்களாம். கிழவர்கள் ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, எதிர்க்கரையில் நிற்கிற ஒரே மரத்தை மாதக்கணக்கில் படமாகக் கீறுகிறார்களாம். யாரும் யாரோடும் கதைக்க மாட்டார்களாம், ஆனால் எல்லாரும் தலை குனிந்து வணக்கம் சொல்வார்களாம். கடைவீதியில் தோபு என்கிற சோயாக் கட்டி விற்கிற கடை விடிய முன்னம் திறக்குமாம், அது அவிக்கிற பாத்திரத்தின் ஆவியைப் பார்க்கவென்றே இவன் எழும்பிப் போவானாம். ஆவியைப் பார்க்கப் பத்தாயிரம் கிலோமீற்றர்!

நான் ஒரு தரம் லூர்து மாதாவிடம் பஸ்ஸில் போய்வந்த கதையை இதே கடையில் சொன்னேன். கதை, வழியில் பஸ் பழுதான இடத்துக்கு வர முன்னமே கேட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் திரான்சியில் இருந்து வருகிற ஓர் அக்கா இருக்கிறா. லூர்துக் கதையில் முதலில் நழுவியவ அவதான். அன்றைக்கு அவ கையைக் காட்டி என்னை மறித்தா.

"ராசன் அண்ணை, கத்தரிக்காயைப் பிறகு நிறுங்கோ, அவர் அந்த ஆத்தங்கரைக் கதையை முடிக்கட்டும்."

ஆள் நில்லாத கடை

அந்த ஊரில் தோட்டக்காரர்கள் ரோட்டோரம் ஒரு மரத்தட்டில் மரக்கறியை வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். பக்கத்தில் ஒரு தகரம் இருக்குமாம். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைத் தகரத்தில் போடவேண்டியதுதானாம். சபா இதை எங்கள் முதலாளிக்கு முன்னால் சொன்னான். முதலாளி என்னைவிட இருபது வயது இளையவர், புதுசாக எதைக் கேட்டாலும் கண் விரியும். அடுத்த சனிக்கிழமையே கடை வாசலில் ஒரு மேசை, அதில் வெண்டிக்காய், பக்கத்தில் ஒரு பிஸ்கற் தகரம். என்னை உள்ளே போய் அரிசி அடுக்கச் சொல்லிவிட்டார். ஆளில்லாமல் வியாபாரம் நடந்தால் இந்த ஆளுக்கு என்ன வேலை என்று யோசித்தபடி அடுக்கினேன்.

பின்னேரம் வந்து பார்த்தேன். எங்கள் சனம் வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்க்காமல் வாங்காது என்பது உங்களுக்குத் தெரியும். நான் நின்றால் பத்துக்கு ஒன்றைத்தான் முறிக்க விடுவேன். அன்றைக்கு மறிக்க ஆளில்லை. மேசையில் கிடந்த அத்தனை வெண்டிக்காய்க்கும் தலை இல்லை. தகரத்தில் காசு ஒழுங்காகத்தான் இருந்தது, அதுதான் எனக்குக் கூடுதல் கோபம். களவு போயிருந்தால் சபாவின் முகத்தில் வைத்துக் கேட்டிருப்பேன். திரான்சி அக்கா உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னா:

"உங்கடை ஏச்சு விழாமல் வெண்டிக்காய் வாங்கினால் அது வாங்கினமாதிரியே இல்லை, அண்ணை."

கழுவின குப்பை

இரண்டாம் தரம் போய் வந்தபோது குப்பைப் பைத்தியம் பிடித்து வந்தான். அங்கே தண்ணீர்ப் போத்தலின் மூடி வேறு, மேலே ஒட்டியிருக்கிற கடதாசி வேறு, போத்தல் வேறாம். பழைய பேப்பரைக் கயிறு போட்டுக் கல்யாணப் பொதிபோலக் கட்டி வைக்க வேண்டுமாம். ஒரு நாள் பிழையான பையை வைத்துவிட்டானாம். பக்கத்து வீட்டு அம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்து, இவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கையில் கொடுத்தாவாம். பிழை விட்டவன் இவன், மன்னிப்புக் கேட்டவ அவ! நாங்கள் ஒரே அறையில் இருந்தபோது எனது சவர்க்காரத்தை எடுத்ததற்குக்கூட இவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

வந்த கையோடு எங்கள் கடைக்குப் பின்னால் போய் மரக்கறிப் பெட்டிகளைப் பிரித்து, மட்டையைத் தட்டையாக்கி, தேங்காய்ப்பால் தகரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். என்னோடு கதைக்க வந்தவன் போபெல் என்கிற குப்பைத் தொட்டியோடு நின்றான். ரீ ஆறிப்போனது. "அதை விட்டிட்டு வாவன்ரா" என்று நான் கூப்பிட்டதை முதலாளி கேட்டுவிட்டார்.

"அண்ணை, சபா அண்ணை சும்மா வந்து இவ்வளவும் செய்யிறார். உங்களுக்கு நான் சம்பளம் தாறன்."

பொதுக் குளிப்பு

இது ஆண்களுக்கு மட்டும் சொன்ன கதை. அந்த ஊரில் ஒரு பழைய குளிப்பு மண்டபம் இருக்கிறதாம். உடுப்பு எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுவிட்டு, முதலில் குந்தியிருந்து தேய்த்துக் குளித்து, பிறகு பெரிய சுடுதண்ணீர்த் தொட்டியில் இறங்கவேண்டுமாம்.

"ஒண்டுமே இல்லாமலோ?" என்று முதலாளி கேட்டார்.

"தலையிலை ஒரு சின்னத் துவாய்."

"தலையை மறைச்சு என்ன பிரயோசனம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்ததைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றது. அங்கே பஸ் ஓட்டி ஓய்வெடுத்த ஒரு மனுசன் தினமும் வருவாராம். சபாவின் முதுகை அவர் தேய்ப்பாராம், அவருடைய முதுகைச் சபா தேய்ப்பானாம். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் தெரியாதாம். வெளியே வந்து இரண்டு பேரும் ஒவ்வொரு போத்தல் குளிர்ப்பால் குடிப்பார்களாம். நான் பால் வேண்டுமா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன், பிளேன்ரீதான் வேண்டும் என்பவன்! என்னிடம் ஒரு நாளாவது முதுகு தேய்க்கச் சொன்னாயா என்று கேட்டே விட்டேன்.

"நீ முதுகு தேய்க்கிற ஆளே மச்சான்? தண்ணிக் கட்டணம் ஆர் கட்டுறது எண்டு கத்துற ஆள்."

எங்களிடமும் ஆறு உண்டு

ஒரு திங்கட்கிழமை கடை பூட்டு. நான் எபினேக்குப் போய்ச் சபாவைச் செய்ன் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு இவனுடைய வீட்டில் இருந்து நடை தூரம். இத்தனை வருசமும் அதை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்பது வேறு கதை. பார், இது சைத்தாமா ஆற்றைவிட எவ்வளவு அகலம் என்றேன். வாத்தைக் காட்டினேன். மரத்தைக் காட்டினேன். தண்ணீருக்குள் ஒரு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி தலைகீழாகக் கிடந்தது, அதை நான் காட்டவில்லை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குச் சபா நின்று தலை குனிந்தான். அந்த ஆள் பயந்து தன் பையைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டார்.

மர வாங்கு ஒன்றில் குந்தியிருந்தோம். அப்போதுதான் அவன் விசயத்தைச் சொன்னான். தர்சினிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது. பிள்ளை பார்க்க என்று அவனுக்கு அங்கேயே இருக்க விசாக் கடதாசி எடுக்கலாமாம். எபினே அறையை விட்டுவிட்டு ஒரேயடியாக வரச் சொல்கிறாளாம். இன்னொரு மூன்று மாதம் போய் நின்று பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவன் சொல்லியிருக்கிறான். நான் உடனே, இங்கே என்ன குறை, ஆறு இருக்கிறது, ரயில் இருக்கிறது, கடை இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான்:

"நல்லாத்தான் இருக்கு மச்சான். நீ கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தியெண்டா இன்னும் நல்லாயிருக்கும்."

திருக்கைக் கருவாடு

இந்த இடத்தில் என்னைக் குற்றம் சொல்ல நினைப்பவர்கள், உங்களிடம் மிஞ்சியிருக்கிற ஓர் ஆளை ஓர் ஊர் இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். நான் யோசித்தேன். சத்தம் போடாத ஊர், குப்பையைக் கழுவுகிற ஊர், பக்கத்து வீட்டுக்காரி மன்னிப்புக் கேட்கிற ஊர். அந்த ஊர் எதைத் தாங்காது? மணத்தைத் தாங்காது. லா சப்பலில் கருவாடு பொரித்தால் மேல்மாடிக்காரன் கதவில் உதைப்பான். அந்த ஊரில் பொரித்தால் ஆளையே திருப்பி அனுப்புவார்கள்.

கடையில் இருந்ததிலேயே கடுமையான திருக்கைக் கருவாட்டை நானே தேர்ந்து எடுத்தேன். மூன்று பை போட்டு இறுக்கிச் சுற்றினேன். "தர்சினி கருவாடு திண்டு எவ்வளவு காலம், அங்கை போய் ஜன்னலைத் திறந்து வைச்சுப் பொரிச்சுக் குடு" என்று சபாவின் கையில் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்து வை என்பதை இரண்டு தரம் சொன்னேன். அவன் என் தோளில் தட்டினான். நல்ல மனுசன், ஒன்றையும் சந்தேகப்பட மாட்டான்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் தொலைபேசியைப் பார்த்தேன். சண்டை வந்திருக்கும், போலீஸ் வந்திருக்கும், சபா பெட்டி கட்டுவான் என்று இருந்தேன். ஒரு காலை, அரைக்கீரைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றபோது தர்சினி போன் எடுத்தாள். அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பொரித்தாராம். கதவு தட்டப்பட்டதாம். குப்பைப் பையைத் திருப்பிக் கொடுத்த அதே அம்மா வாசலில் நின்றாவாம். கடைசியில் நடந்துவிட்டது என்று கீரையைக் கீழே வைத்தேன். அந்த அம்மா மூக்கை உறிஞ்சி, இது காய்ந்த மீன்தானே என்று கேட்டாவாம். அவ மீன்பிடி ஊரில் பிறந்தவவாம். சின்ன வயதில் தின்ற மீனை நினைத்து அழுதுவிட்டாவாம். திரும்பிப் போய்த் தன்னுடைய காய்ந்த மீனை எடுத்துக்கொண்டு வந்தாவாம். இப்போது அவவும் அப்பாவும் தர்சினியும் கிழமைக்கு ஒரு நாள் சேர்ந்து பொரிக்கிறார்களாம். இவ்வளவு காலமும் ஒரு சொல் பேசாத அயலவர் எல்லாம் வந்து வாசலில் நின்று கதைத்துவிட்டுப் போகிறார்களாம். சபா கடதாசிக்குக் கையெழுத்து வைத்துவிட்டானாம்.

"ராசன் மாமா, அந்தக் கருவாடு இன்னும் கொஞ்சம் அனுப்பேலுமோ? பக்கத்து வீட்டு அம்மா தினமும் கேக்கிறா."

பயணம்

அறையைத் திருப்பிக் கொடுக்க ஒரு கிழமை வந்தான். அவன் கடைக்கு வந்த நாள் மாம்பழப் பெட்டிகள் வந்திறங்கிய சனிக்கிழமை. எங்கள் கடையில் வரிசை என்று ஒன்று கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்து, என் முகத்துக்கு முன்னால் நீட்டுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, யார் முந்தினாலும் விட்டுக்கொடுத்தான். கண்டேன். காணாததுபோலப் பழத்தை நிறுத்தேன். நானாகக் கூப்பிடக் கூடாது என்று பிடிவாதம். திரான்சி அக்காவுக்கு வேண்டுமென்றே ஒவ்வொரு பழமாகத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். என்ன அண்ணை இண்டைக்கு இவ்வளவு பக்குவம் என்று அவவே பயந்துபோனா.

கடைசியில் அவன் தராசுக்கு முன்னால் வந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்டும் வேண்டாம். போட்டு வாறன் எண்டு சொல்ல வந்தனான்."

"அதுக்கேன் இவ்வளவு நேரம் நிண்டனி?"

"இடையிலை வந்தால் நீ எல்லாருக்கும் முன்னாலை ஏசுவாய். ஏச்சு வாங்கிக்கொண்டு பயணம் போகக் கூடாதெண்டு பாத்தன்."

உள்ளே போனேன். சரிந்திருந்த அரிசி மூட்டை ஒன்றை நிமிர்த்தி வைத்தேன். பிறகு கருவாடு ஒரு பொதி சுற்றிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தேன். அவன் அதை மணந்து பார்த்தான்.

"எனக்கோ?"

"அந்த அம்மாவுக்கு."

சபா சிரித்தான். பொதியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, போக மனமில்லாதவன்போலத் தராசை ஒரு தரம் தொட்டுப் பார்த்தான்.

"மச்சான், அவ உன்னைப் பற்றித்தான் எப்பவும் கேக்கிறவ. இப்படி அன்பான சிநேகிதன் உங்களுக்கு எங்கை கிடைச்சவர் எண்டு."

இவ்வளவு வயதுக்குள் நான் மனதார எதிர்த்துச் சண்டை பிடித்தது ஒரே ஓர் ஊரோடுதான், அப்படி ஒரு சண்டை நடந்ததே அந்த ஊருக்கு இன்றுவரை தெரியாது.