கல்லேறிய றாஹிலா ராத்தா

"அங்கால போகாத புள்ள, உன்ட மச்சிக்குப் பக்கத்தில இரி. ஒரு சஹன்ல கை வெச்சாத்தான் ரெண்டு பேருக்கும் வாய் திறக்கும்."

வேன் கதவைப் பிடித்தபடி, எங்கள் எல்லாருக்கும் அக்காவான றாஹிலா ராத்தா ஆட்களை இருத்துகிறார். கோபித்துக்கொண்ட மச்சிமார், அண்ணியும் நாத்தியும், ஒரே சீட்டில்தான் வரவேண்டும். பகல் சாப்பாடும் ஒன்றாகத்தான். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு; எட்டி உட்கார இடமில்லை. சொந்த மருமகள் நிப்லாவை மட்டும் வேறு சஹனில் வைத்துவிடுவார். பெருநாளுக்கு ராத்தா தைத்துக்கொடுத்த சட்டை இறுக்கம் என்று நிப்லா சொல்லத் தொடங்கிய வாய்த்தர்க்கம், இன்னும் மாமியும் மருமகளும் கதைப்பதில்லை.

சாய்ந்தமருதில் ராத்தாவுக்குத் தையல் வேலை. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைப் பயணத்திலும் கழற்ற மாட்டார். வருசத்துக்கு ஒருமுறை எங்கள் தெரு ஒழுங்கைப் பெண்களைத் திரட்டி, பொத்துவிலும் பாணமையும் தாண்டி, காட்டுப் பூங்காவுக்குக் கொண்டுபோவார். வேன் என்னுடையது. வாய் அவருடையது.

அங்கே இறங்க விடும் இடம் ஒரு பாறைக்கூட்டம். கவிழ்த்த தோணிபோல் ஒரு பெருங்கல், அதன் முதுகில் தும்மினால் உருண்டுவிடும்போல் இன்னொன்று. பெண்கள் மேலே ஏறிக் கூச்சல் போடுவார்கள். ராத்தா கீழே, சோற்றுக் கிடாரத்தடியில், குரங்குகளுக்குக் கம்பை ஓங்கியபடி இருப்பார். ஒருமுறையும் ஏறியதில்லை.

"கல்லுத்தானே, எங்க போகப்போகுது?" என்பார்.

இந்த வருசம் கல் போகவில்லை, கால் போய்விட்டது. முழங்காலில் பட்டி கட்டித்தான் நடக்கிறார்; ஒப்பரேஷனுக்கு நாள் வைத்தாயிற்று. அதற்குப் பிறகு இப்படி ஏற்றமெல்லாம் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"ஏறுங்க ராத்தா, சோத்த நான் பாக்கன்" என்றேன்.

"ஓம், பாப்பீங்க. மறுகா கோழிக்கால நான் உங்கட வயித்துக்குள்ளதான் தேடணும்."

சொன்னாரே தவிர, கண் கல்லில்தான் நின்றது. பாதி ஏறிய நிப்லா இறங்கி வந்தாள். மாமியாரின் கையிலிருந்த கம்பைப் பறித்தாள்.

"போங்க மாமி. நான் குந்தியிருக்கன்."

"உனக்குக் குரங்கெண்டாப் பயமே!"

"பயந்தான். போங்க."

ராத்தா போனார். அபாயாவை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு, செங்குத்தான இடங்களில் குந்திக் குந்தி நகர்ந்தார். தூக்கிவிட வந்தவர்களை ஏசினார். நானும் நிப்லாவும் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

உச்சியில் பெண்கள் கடலைக் காட்டினார்கள். "அது எங்கட வளவுக்குப் பின்னாலயும் இரிக்கி" என்ற ராத்தாவின் சத்தம் கீழேவரை கேட்டது. பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் குனிந்தார். முழங்காலில் கட்டியிருந்த பட்டியைக் கழற்றி எடுத்து, நிப்லாவைப் பார்த்து, தலைக்கு மேல் சுழற்றோ சுழற்றென்று சுழற்றினார்.