பிள்ளை மடுவமும் அநாதை மடமும்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் நினைவுகளைத் தொகுத்து ஹட்டனில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். என்னிடமும் நான்கு பக்கம் கேட்டார்கள். இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் வீட்டுப் பேச்சுதான் வந்தது. அதை அப்படியே கைபேசியில் தட்டி, செயற்கை நுண்ணறிவு செயலியிடம் கொடுத்து, நல்ல எழுத்துத் தமிழாக்கித் தரச் சொன்னேன். பத்து விநாடியில் தந்தது. எழுதியதைத் திரும்ப வாசி என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிற நான், முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலவாக்கலை வீட்டில் அம்மா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னமோ எழுதுனியாமே, வாசி பாப்போம்."

பெருமையாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அம்மா என்னை அநாதை மடத்தில் கைவிட்டுவிட்டு, மலைகளை நோக்கிச் சென்றுவிட்டார்."

அம்மாவின் கத்தி நின்றது.

நான் தட்டியது வேறு. "காலையில அம்மா என்னையப் புள்ள மடுவத்துல விட்டுட்டு மலைக்குப் போயிருவாங்க." வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் இடம் பிள்ளை மடுவம். மலை என்றால் கொழுந்து பறிக்கிற இடம். எங்கள் பக்கத்தில் கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். செயலிக்கு மடுவம் மடமாகிவிட்டது, அம்மா ஓடிப்போனவளாகிவிட்டார்.

"போன் செஞ்ச கூத்தும்மா இது, நான் இப்படி எழுதல," என்று பதறிக்கொண்டே தொகுப்பாசிரியரை அழைத்தேன்.

"நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போகுது டீச்சர். அதுக்குள்ள திருத்தி அனுப்புங்க," என்றார். மணி மூன்று தாண்டியிருந்தது.

இரண்டு சொல்லை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா விடவில்லை.

"யாரு எழுதுனா என்ன, உள்ளதத்தானே எழுதியிருக்கு."

நான்கு வயதில் என்னை விட்டுவிட்டு அம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனார். திரும்பி வர ஐந்து வருடம் ஆனது. நான்கு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அம்மாவை ஊர் குறை சொல்லக்கூடாது என்று விட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எழுதினால் அம்மாவிடம் அதைப் பேச வேண்டி வரும், அந்தப் பயம்தான்.

"குவைத்துக்குப் போன அன்னைக்கும் ஒன்னைய மடுவத்துலதான் விட்டேன்," என்றார் அம்மா. "மலைக்குப் போயிட்டு வாறேன்னு சொன்னேன். கீழ ரோட்டுல வேன் நின்னுச்சு. ஒங்கப்பாவும் என்னைய ஏத்திவிட ஏர்போட்டுக்கு வந்துட்டாரு. நெனப்பு இருக்கா ஒனக்கு?"

அந்த நாளைப் பற்றி யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றும் சொல்லியிருக்கலாம். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்மா."

"சாயந்தரம் யாரு ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போனா?"

இது அம்மாவுக்கே தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் கேட்கப் பயந்தவர் அவரும்தான்.

"ரொம்ப நேரம் யாரும் வரல. கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு எல்லா அம்மாவும் வந்து அவங்கவங்க புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. நான் வாசல்லயே நின்னேன். ஒவ்வொருத்தங்க வர்றப்பவும் நீங்கதான்னு நெனச்சேன். கடைசியில மடுவத்து ஆயாம்மா அவங்க குடியிருந்த காம்பராவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏன்தான் சொன்னேனோ என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. மணி மூன்றரை ஆகிவிட்டது. மடத்தை மடுவமாகத் திருத்தி இப்போதே அனுப்பிவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அனுப்பத்தான் கைபேசியை எடுத்தேன்.

"இப்ப சொன்னத எழுது," என்றார் அம்மா. "நான் பொய் சொல்லிட்டுப் போனேன்னும் சேத்து எழுது. நீ நின்னுக்கிட்டே இருந்தது எனக்குத் தெரியாதுடி."