ஒரு இஞ்ச் சந்தேகம்

ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால், அதற்குள் முதலில் நுழைகிறவள் அவள்தான். சாவியை நீட்டிவிட்டு வாடகைக்காரர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே, எந்த அறையில் எதை மறைத்திருப்பார்கள் என்று அவள் மனம் தேட ஆரம்பித்துவிடும். ஆணி ஓட்டையில் பற்பசையை அப்பி வைத்திருப்பார்கள். சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். புதினா வாசனை வந்தால் அவர்கள் கதை முடிந்தது. தரை தீய்ந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி இருக்கும். கீல் உடைந்த அலமாரிக் கதவை, காற்றாட இருக்கட்டும் என்று திறந்தே விட்டிருப்பார்கள்.

வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஓட்டை அக்கா என்று பெயர். ஆட்கள் குடிவரும்போதும் காலி செய்யும்போதும் சுவர் சுவராகப் படமும் வீடியோவும் எடுப்பது அவள் வேலை. எந்தக் கீறல் யாருடையது என்று சண்டை வந்தால், அவள் எடுத்த படத்துக்கு மேல் பேச்சு கிடையாது.

அந்தப் படங்கள்தான் கொஞ்ச நாளாகச் சொதப்பின. எல்லாமே மங்கல். ஒரே விரிசல் இரண்டாகத் தெரிந்தது.

மேலாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அடுத்த வீடும் இப்படியே வந்துச்சுன்னா உங்களை டேபிள் வேலைக்கு மாத்த வேண்டியிருக்கும்."

டேபிள் வேலை என்றால் நாள் பூராவும் போனில் ஏச்சு கேட்பது. அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்காமல் அவளுக்கு ஒரு நாள் ஓடாது.

"கேமராவுக்கு வயசாயிடுச்சு சார்" என்றாள்.

"அப்ப நல்லதா ஒண்ணு வாங்கிக்குங்க. பில்லைக் கொண்டு வந்து கொடுங்க" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு உறுத்தியது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். "போன்லயே எடுக்கலாமே?" என்றார்.

"போனா? அது எல்லாத்துக்கும் பவுடர் பூசிடுதுங்க. மயிரிழை விரிசலை எடுத்தா, சுவரு கண்ணாடி மாதிரி வழவழன்னு நிக்குது. எனக்கு உள்ளதை உள்ளபடி காட்டணும்."

"சரி, நானும் கடைக்கு வரேன்."

துணிக்கடை வாசலிலேயே நின்றுவிடுகிற மனிதர், தானாக வருகிறேன் என்கிறார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

மாடியில் இருந்தது கேமராக் கடை. டை கட்டிய விற்பனையாளர் உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து வைத்தார். "ப்ரீமியம் காம்பேக்ட் மேடம். போட்டோ, வீடியோ ரெண்டுக்கும் இதுதான். உள்ள படம் விழற தகடு, அதான் சென்சார், ஒரு இஞ்ச். இருட்டு ரூம்லயும் தெளிவா விழும்."

அவள் விவரப் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள்.

"தம்பி, ஒரு இஞ்ச்னா இருபத்தஞ்சு மில்லிமீட்டர். இதுல பதிமூணு சொச்சம்தான் போட்டிருக்கு. மீதியை எங்க வச்சிருக்கீங்க?"

"அது அளவு இல்ல மேடம், பேரு. ஒரு காலத்துல கேமராவுக்குள்ள குழாய் இருந்துச்சு, அந்தக் கணக்குல வந்த பேரு. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"மூணு பெட்ரூம்னு போர்டு மாட்டிட்டு உள்ள ஒண்ணரை ரூம் வச்சிருக்கிறவனும் இதேதான் சொல்றான்."

"விடேன்" என்றார் கணவர். "எங்கம்மாகூட என்னை ராஜான்னுதான் கூப்பிடுவாங்க. நான் கிரீஸ்தானே பூசிட்டிருக்கேன்?"

விற்பனையாளர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "படத்தைத் திருத்துறது, அழகாக்குறதுன்னு இதுல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் அணைங்க."

"கை ஆட்டத்தைத் தடுக்கிறதையுமா?"

"அதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?"

"அது இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் கணவர் அவசரமாக.

"நீங்க ஏன் பதறுறீங்க?"

விற்பனையாளர் அதையும் சேர்த்து அணைத்துக் கொடுத்தார். எதிர்ச் சுவரின் மூலையில், கூரையை ஒட்டி ஒரு ஈரக்கறை. ஜூம் செய்து வீடியோ எடுத்தாள். திரையில் கறை படகு போல மிதந்தது.

"இந்தப் பீஸ் சரியில்ல."

வேறு கம்பெனியின் கேமரா வந்தது. அதிலும் மிதந்தது. இன்னொன்றிலும் அப்படித்தான்.

"கீழ ஏதாவது மெஷின் ஓடுதா தம்பி? தரை அதிருதா?"

"கீழ பேங்க் மேடம்."

அவள் கேமராவைக் கணவரிடம் நீட்டினாள். "நீங்க பிடிங்க."

அவர் பிடித்தார். திரையில் கறை தாறுமாறாகக் குதித்தது. பூகம்பத்தில்கூட ஒரு சுவர் அப்படி ஆடாது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். தொங்கும் லிஃப்டுக்கு மேல் நின்று கடுகளவு திருகைப் பொருத்துகிற கை அது.

"நடிக்காம ஒழுங்கா பிடிங்க."

கறை அசையாமல் நின்றது. விற்பனையாளர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"மழைக்காலத்துக்கு முன்னாடியே."

"அதான் எனக்கு மட்டும் முக்கால் டம்ளர் டீயா? பாலை மிச்சம் பிடிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

"நீ நினைச்சதும் தெரியும். கஞ்சன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல, நீ சிந்தாம குடிச்சா போதும்னு இருந்துட்டேன்."

வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "தம்பி, அந்த ஆட்டத்தைத் தடுக்கிறதைப் போடுங்க."

மேசைக் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. அதைத் தடுப்பு இல்லாமல் ஒருமுறையும், தடுப்போடு ஒருமுறையும் எடுத்துத் திரையில் பெரிதாக்கினாள். ஒன்றில் வெறும் மங்கல். மற்றதில் கீறல் இருந்தது. அதன் நுனி இரண்டாகப் பிளந்திருந்ததும் தெரிந்தது. குனிந்து கண்ணாடியையே பார்த்தாள். அங்கேயும் பிளந்துதான் இருந்தது.

"எதையும் அழிக்கலை. புதுசா எதையும் சேர்க்கவும் இல்ல."

"சேர்க்காது மேடம். உங்க கை அசையறதுக்கு ஏத்த மாதிரி லென்ஸ்தான் உள்ள நகரும்."

"என் கைக்குத்தான் வைத்தியம், சுவத்துக்கு இல்ல. சரி, இதையே கொடுங்க. பிரிக்காத டப்பாவா. சீலை நான்தான் உடைப்பேன்."

படியில் இறங்கும்போது கணவர் தணிந்த குரலில், "இதுலதான் நல்லா வருதே, ஆபீஸ்ல சொல்லணுமா என்ன?" என்றார்.

அவள் படியிலேயே நின்று மேலாளருக்குப் போன் போட்டாள். "சார், கேமரா வாங்கியாச்சு. பழைய கேமராவுல ஒரு கோளாறும் இல்ல. என் கைதான் நடுங்குது. டாக்டரைப் பாக்கப் போறேன். அடுத்த வீட்டை இதுல எடுத்துத் தரேன், படத்தைப் பாத்துட்டு டேபிளா சுவரான்னு நீங்களே சொல்லுங்க."

"சரிக்கா. எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றார் மேலாளர்.

"ரொம்ப நல்லவிதமா பேசுறாரு. நம்பலாமான்னு தெரியல" என்றாள் போனை வைத்துவிட்டு.

"டாக்டர்கிட்ட நானும் வரேன்."

"வாங்க. ஆனா உள்ள வாயைத் திறக்கக் கூடாது. நீங்க பூசி மெழுகிடுவீங்க."

அவர் கை நீட்டினார். கேமராப் பையைக் கொடுத்தாள். பில்லை மட்டும் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.