இல்லை என்று சொன்ன மருந்து

அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்து ஸ்டோருக்கு நான் பொறுப்பாளன். போன மழைக்காலத்தில் ஒரு மதியம், பருத்திப்பட்டில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஸ்டோர் பார்க்கும் பெண் போன் செய்தார்.

"சார், ஏரிக்கரையாண்ட ஒருத்தர பாம்பு கடிச்சிடுச்சு. எங்களாண்ட கீற மருந்து பத்தாது. கொஞ்சம் கைமாத்தா குடுங்க சார்."

எங்கள் ஃப்ரிட்ஜில் அந்த மருந்து நிறையவே இருந்தது. ஆனால் அவர்கள் திருப்பித் தருவதற்குள் எங்களுக்கே ஒரு கேஸ் வந்துவிட்டால், மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? "எங்ககிட்டயும் சுத்தமா இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததுமே செய்தது தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் நான் திரும்பக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அவரே நனைந்த ரெயின்கோட்டோடு வந்து நின்றார். கையில் ஒரு ஐஸ் பெட்டி.

"பாடி பக்கம் ஒரு மருந்து ஏஜென்சில கெடைச்சுது சார். அவரு இப்ப பரவால்ல. உங்களாண்டயும் இல்லன்னீங்களே, யாராச்சும் வந்துட்டா இன்னா பண்ணுவீங்க? அதான் உங்களுக்கும் சேத்து வாங்கிக்கினு வந்தேன்."

உண்மையை அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று வாங்கிக்கொண்டேன். அவர் போனபின், ஏற்கெனவே இருந்த மருந்தைத் தள்ளிவிட்டுத்தான் ஃப்ரிட்ஜில் அதை வைக்க முடிந்தது.

இப்போது யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன். அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. "நல்லாகீறீங்களா சார்?" என்று அவர் போனில் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசிப்போகிறது.