கேட்காத கேள்விக்கு வந்த பதில்

1986 மார்ச் மாதம், மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பகுதியில் இருந்த டாக்டர் சிவானந்தனின் கிளினிக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் அதைப் பற்றி நவமணி ஒரு பள்ளிக்கூட நோட்டில் பதினேழு குறைகளை எழுதிவிட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் ரப்பர் பாலுக்காக மரம் சீவியவர்கள். டவுனில் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்தாள். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறி ஆட்களைக் குறைத்தபோது ஈப்போவுக்கு வந்து, இந்தக் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்தாள். ஏழு வருஷமாயிற்று. பெயரைக் கேட்டு, கார்டைத் தேடி எடுத்து, டாக்டரிடம் அனுப்பி, திரும்பி வந்ததும் அதே இடத்தில் வைப்பாள். நாலாயிரத்துச் சொச்சம் கார்டுகளில் ஒன்றுகூட அவள் கையில் தொலைந்ததில்லை.

கார்டின் தலைப்பில், எந்த மருந்து அந்த ஆளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று குறிக்க ஓர் இடம் இருந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சிவப்பு மையில் எழுதியிருக்கும். கேட்டுப் பார்த்து எதுவும் இல்லையென்றால் நீல மையில் ஒரு கோடு. இன்னும் கேட்கவில்லையென்றால் நவமணி பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி வைத்த ஆள் அடுத்த முறை வரும்போது கேட்டுவிடுவாள்.

கம்ப்யூட்டரில் புள்ளி வைக்க வழி இல்லை.

அந்தப் புரோகிராமை எழுதியவன் கோலாலம்பூரிலிருந்து வந்த சதாசிவம். கழுத்தில் டை கட்டிய, சிரித்த முகம் கொண்ட இளைஞன். இரண்டாம் தடவை அவன் வந்தபோது நவமணி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"தம்பி, இதுல குடும்பப் பேரு தனியா, சொந்தப் பேரு தனியா கேக்குது. நம்ம ஆளுங்ககிட்ட உங்க குடும்பப் பேரு என்னான்னு கேட்டா, ஜாதியா கேக்குறேன்னு சண்டைக்கு வராங்க. அப்பா பேரப் போட்டா, அப்பா பேருலதான் ஆளத் தேடணும். அண்ணன் தங்கச்சி எல்லாம் ஒரே ஆளு மாதிரி வருது."

"அதுக்கு ஒரு வழி பண்ணலாம்க்கா."

"இந்த மருந்து விஷயம் மூணாம் பக்கத்துல இருக்கு. கார்டுல மொதல் கண்ணு அங்கதான் போகும். இங்க ரெண்டு பக்கம் தாண்டணும்."

"ஒரு பட்டன்தானேக்கா?"

"இருங்க, பெரிசு இதுதான்." அவள் விரல் ஒரு வரியில் நின்றது. அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். "மூணாம் பக்கத்துக்குப் போகாம நான் சேமிச்சா, அதுவா அங்க இங்கிலீஷ்ல 'நில்'னு போட்டுக்குது. ஒண்ணும் இல்லைன்னு. நான் போடல லா. யாரையும் கேக்கவும் இல்ல."

"காலியா விட்டா அசிங்கமா இருக்கும்க்கா. புரோகிராமும் தடுமாறும். பல கிளினிக்ல இதான் ஓடுது, யாரும் கம்ப்ளெயின் பண்ணல."

"தெரியலங்குறதும் இல்லைங்குறதும் ஒண்ணா தம்பி?"

அந்த நேரம் டாக்டர் வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தாலும் குரல் உயராது. "நவமணி, இது புதுச் சாமான். பழக நாள் எடுக்கும். நீர் குறை கண்டுபிடிக்கிறதிலேயே நிண்டால் வேலை எப்ப முடியிறது?"

நவமணி நோட்டை மூடினாள்.

மே மாதம் முடிவதற்குள் எல்லாக் கார்டுகளும் கம்ப்யூட்டருக்குள் போயாக வேண்டும் என்பது உத்தரவு. கார்டு இருந்த அறையில் இன்னொரு டாக்டர் வந்து உட்காரப்போகிறார். கார்டுகளைப் பெட்டியில் கட்டி, மாதத்தின் கடைசி சனிக்கிழமை பழைய பேப்பர் லாரிக்குக் கொடுத்துவிட வேண்டும். "முதல் பக்கம் மட்டும் அடிச்சால் போதும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்," என்றார் டாக்டர்.

நவமணி தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். சிவப்பு மை இருக்கும் கார்டு என்றால் மூன்றாம் பக்கம்வரை போய் மருந்தின் பெயரை அடிப்பாள். நீலக் கோடு என்றால் 'தியாடா' என்று மலாயில் அடிப்பாள். அதன் அர்த்தமும் 'எதுவும் இல்லை' என்பதுதான். ஆனால் அது அவள் கை அடித்தது, கேட்டுத் தெரிந்துகொண்டது. 'நில்' என்று வந்தால் அது இயந்திரம் தானாகப் போட்டது. அவள் அதை நம்பமாட்டாள். அப்படிப்பட்டவர்கள் வரும்போது முன்மேசையிலேயே வாயால் கேட்டுவிடுவாள். இந்த வித்தியாசம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். டாக்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மே ஏழாம் தேதி, ஈயச் சுரங்கத்தில் லாரி ஓட்டிய அவள் கணவர் ராமையா மத்தியானமே வீடு திரும்பினார். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்த வருஷம் கிந்தா பள்ளத்தாக்கில் எத்தனையோ சுரங்கங்கள் மூடின. வாடகை வீட்டின் சொந்தக்காரப் பெண்மணி கிளினிக்குக்கு போன் போட்டு, "ஒங்க வூட்டுக்காரரு வாசல்லயே ஒக்காந்திருக்காரு, பேசமாட்டேங்குறாரு," என்று சொன்னாள். நவமணியால் எழுந்து போக முடியவில்லை. எதிரே கார்டுக் கட்டு கிடந்தது. அன்று மாலைவரை அறுபது கார்டு அடித்தாள். ஆங்கில எழுத்து 'ஐ'யில் தொடங்கும் பெயர்கள். கண் எழுத்தைப் பார்த்தது, விரல் அடித்தது. மனம் வீட்டு வாசலில் இருந்தது.

மே கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை காலை. கிளினிக்கில் உட்கார இடமில்லை. இருளாயி என்ற ஐம்பது வயதுப் பெண் நொண்டிக்கொண்டு வந்தாள். தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குபவள். துருப்பிடித்த தகரம் குத்தி, வலது பாதம் வீங்கிப் பளபளத்தது. காய்ச்சல் வேறு. நவமணி பெயரை அடித்தாள். பிரிண்டர் கீச்சென்று சத்தம் போட்டு விவரச் சீட்டையும் அதன் நகலையும் நீட்டியது. அதே நேரத்தில் ஒருவர் மேசையைத் தட்டி, "ஒரு மணி நேரமா ஒக்காந்திருக்கேன் லா, எனக்கப்புறம் வந்தவன் உள்ள போறான்!" என்று கத்தினார். போனும் அடித்தது. நர்ஸ் கௌரி வந்து, இருளாயியின் காலைப் பார்த்துவிட்டு, சீட்டைக் கையோடு கிழித்து எடுத்துக்கொண்டு அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

போனை வைத்துவிட்டு, கத்தியவரைச் சமாதானப்படுத்திவிட்டு, நவமணி தட்டில் கிடந்த நகல் சீட்டுகளை அடுக்கினாள். இருளாயியின் நகலில் கண் நின்றது. கடைசி வரியில் 'நில்'.

கேட்கவில்லையே என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் அது 'ஐ' எழுத்து என்பது உறைத்தது. அந்த அறுபது கார்டுகளில் ஒன்றிலாவது மூன்றாம் பக்கத்துக்குப் போனேனா? நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. டாக்டரின் அறைக்கு ஓடினாள்.

கதவைத் தட்டாமல் திறந்தாள். அது அந்தக் கிளினிக்கில் யாரும் செய்யாத காரியம்.

இருளாயி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கௌரி கையில் ஊசி தயாராக இருந்தது. பஞ்சால் தோலைத் துடைத்து முடித்திருந்தாள்.

"கௌரி, போடாத!"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "என்ன இது? ஏன் உள்ளுக்கு வந்தீர்?"

"டாக்டர், அது என்னா ஊசி?"

"பெனிசிலின். ஏன்?"

நவமணி இருளாயியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, முன்ன எப்பவாச்சும் ஊசி போட்டு ஒத்துக்காம போயிருக்கா?"

இருளாயிக்குக் காய்ச்சலில் கண் சொருகியது. "ஊசியா... எத்தனையோ போட்டிருக்கேன். தோட்டத்துல ஒருக்கா மயங்கி விழுந்தேன். ஊசியாலயா, பசியாலயா, எனக்கு என்னா தெரியும்? இங்க வந்தப்ப டாக்டருகிட்ட சொன்னேனே. எழுதிக்கிட்டாரு."

டாக்டர் சீட்டை எடுத்துப் பார்த்தார். "இதிலே ஒண்டும் இல்லையெண்டு தெளிவாகக் கிடக்கு."

"அது நான் போட்டது இல்ல டாக்டர். மெஷினு போட்டது. கார்டப் பாத்துட்டுப் போடலாம். அஞ்சு நிமிஷம் குடுங்க."

"வெளியிலே நாப்பது பேர் இருக்கினம், நவமணி."

"அஞ்சே நிமிஷம் டாக்டர்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கௌரியிடம், "ஊசியை வையும்," என்றார்.

பெட்டிகள் ஸ்டோர் அறையில் சுவரோரம் கிடந்தன. சனிக்கிழமை லாரிக்காக எட்டுப் பெட்டிகளையும் அவளே ரஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் இறுகக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றியிருந்தாள். எழுத்து எழுதிய பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. மேலே இருந்த இரண்டை இறக்கி வைத்தாள். மூன்றாவதை இழுத்தபோது கயிறு விரலை அறுத்தது. நான்காவதில்தான் 'ஐ'. முடிச்சு அவிழவில்லை. கௌரி பின்னாலேயே ஓடி வந்து கத்தரிக்கோலை நீட்டினாள். கயிறு அறுந்ததும் பெட்டி கவிழ்ந்து கார்டுகள் தரையில் சிதறின. இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். கதவருகில் டாக்டரின் சப்பாத்துக் கால்கள் வந்து நின்றதை நவமணி பார்த்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை.

"கிடைக்கேல்லையா?"

"இருங்க டாக்டர்."

இந்திராணி. இன்பவல்லி. இருசம்மாள். கார்டுகளைப் புரட்டப் புரட்ட, கயிறு கீறிய விரலின் ரத்தம் ஓரங்களில் பட்டது. இருளாயி என்று ஒன்று வந்தது. வேறு ஆள், வேறு வயது. அதற்கடுத்தும் ஓர் இருளாயி. வயது ஒத்துப்போனது.

தலைப்பில் சிவப்பு மை. பெனிசிலின் ஆகாது, மூச்சுத் திணறி மயக்கம், மறுபடி கொடுக்கவே கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே இரண்டு தடவை கோடு இழுத்திருந்தது. 1981. கையெழுத்து டாக்டருடையது.

அவர் கார்டை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். உள்ளே போய் இருளாயிக்கு வேறு மருந்து எழுதினார். அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் அறையிலேயே இருந்தார்.

டாக்டர் போன் போட்டதும், வியாழக்கிழமை சதாசிவம் ஓடி வந்தான். டாக்டர் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உம்முடைய சாமானை எடுத்துக்கொண்டு போம். ஒரு மனுசியைக் கொல்லப் பாத்தது."

சதாசிவம் வெளிறிப்போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான். முகத்தில் நிறம் திரும்பியது. "டாக்டர், புரோகிராம்ல தப்பு இல்ல. மூணாம் பக்கத்துக்கு யாரும் போகவே இல்ல. விவரத்த அடிக்காம விட்டது உங்க ஆளு."

கௌரி நவமணியைப் பார்த்தாள். டாக்டர், முதல் பக்கம் போதும் என்று தான் சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, வாயைத் திறக்கப் போனார். நவமணி அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். வீட்டில் ராமையா மூன்று வாரமாக வேலையில்லாமல் இருந்தார். இந்த ஒரு வேலைதான் இருந்தது.

"நான்தான்," என்றாள். "சிவப்பு கார்டு எல்லாத்துக்கும் மூணாம் பக்கம் அடிக்கணும்னு நானே வச்சிருந்தேன். அன்னிக்கு அடிக்கல. அது என் தப்பு. நேத்து ராத்திரி பூரா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"பாத்தீங்களா டாக்டர்," என்றான் சதாசிவம்.

"இருங்க தம்பி, நான் இன்னும் முடிக்கல." அவள் கம்ப்யூட்டரைக் கை காட்டினாள். "கார்டுல நான் எழுத மறந்தா அந்த எடம் வெள்ளையா இருக்கும். பாக்குறவங்களுக்குச் சந்தேகம் வரும், கேப்பாங்க. உங்க மெஷினு என் தப்ப மூடி, மேல நல்ல எழுத்துல ஒரு பதிலப் போட்டுச்சு. நான் சொல்லாதத நான் சொன்ன மாதிரி காட்டுச்சு. டாக்டர் அத நம்பிட்டாரு. மனுசன் மறப்பான் தம்பி. மறந்தது தெரியணும்ல?"

சதாசிவம் டையைத் தளர்த்திக்கொண்டான்.

அன்று மாலை டாக்டர் அவளிடம் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தைக் கொடுத்தார். கவனக்குறைவு, இனி நடந்தால் வேலை இல்லை என்று எழுதியிருந்தது. அவள் படித்துக் கையெழுத்துப் போட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பேப்பர் லாரி வர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். பெட்டிகளை அவிழும்," என்றார். பிறகு தரையைப் பார்த்து, "கேக்காமல் விட்டது என்னிலையும் பிழைதான்," என்றார். கடிதத்தை மட்டும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து சதாசிவம் மாற்றிய புரோகிராமைக் கொண்டுவந்தான். அந்த இடத்தைக் காலியாக விட்டால் 'இன்னும் கேட்கவில்லை' என்று மலாயில் அச்சாகும். அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தவள் நவமணி. கார்டுகளை மறுபடி ஒன்றுவிடாமல் ஒப்பிட்டுப் பார்த்தாள். அதற்கு ஆகஸ்டு ஆகிவிட்டது. சிவப்பு மை இருந்தும் 'நில்' ஆகிப்போனவர்கள் இருளாயியைச் சேர்த்துப் பதினொரு பேர்; 'ஐ' எழுத்தில் மட்டுமல்ல, வேறு நாட்களில் அவள் அடித்த கார்டுகளிலும் சிலர் இருந்தார்கள். பத்துப் பேரைத் திரையிலேயே திருத்திவிட முடிந்தது.

மிஞ்சியவர் மாயாண்டி. ஆஸ்துமா இழுப்புக்காரர். ஆஸ்பிரின் ஆகாது. மகன் கூப்பிட்டான் என்று மே மாதமே பாகான் டத்தோவுக்குக் குடிபோய்விட்டார். போகும்போது அவருடைய விவரத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் 'நில்'. திரையைத் திருத்தினால் அந்தத் தாள் திருந்தாது. நவமணி கடிதம் போட்டாள், பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, தெலுக் இந்தான் போய் பஸ் மாறி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இறங்கி விசாரித்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டுமே என்று ஒரே நினைப்பு.

மாயாண்டி வீட்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கடிதம் வந்ததாம்; படிக்க ஆளில்லையாம். தாளைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நவமணி அவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். மருந்து கொடுப்பவர் பெரிய பைலைத் திறந்து, துளையிட்டுக் கோத்திருந்த அந்தத் தாளைக் காட்டினார்.

"சுத்தமா இருக்கேம்மா. கம்ப்யூட்டர்ல வந்தது."

"ஆமாங்க. தப்பா வந்தது. அடிச்சது நான்தான்," என்றாள் நவமணி. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டி, அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.