மூன்று முறை ஊதிய சங்கு

பதுளைக் கடைவீதியில் போன் திருத்தும் கடையொன்றில் எனக்கு வேலை. மிச்ச நேரத்தில் நடன இசை செய்கிறேன். இதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்கிவிட முடியாது. "எந்தப் படத்துக்குத் தம்பி?" என்று கேட்பார்கள். படம் இல்லை, பாடகர் இல்லை, வார்த்தைகூட இல்லை, ஒரு பழைய மடிக்கணினியும் ஸ்பீக்கரும்தான் என்றால், "அப்ப சும்மா சத்தமா?" என்று முடித்துவிடுவார்கள். ஏழெட்டு வருஷமாகச் சும்மா சத்தம்தான் செய்துகொண்டிருந்தேன். இணையத்தில் ஏற்றுவேன். நானே பத்துத் தடவை கேட்பேன். வேறு யாரும் சீண்டமாட்டார்கள்.

விடாமல் கேட்ட ஒரே ஆள் பக்கத்துக் காம்பிரா அக்கா. லயம் என்றால் ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீட்டு வரிசை; அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான், கேட்காமல் இருக்க அவளுக்கு வழியும் இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்து வாசல் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்வாள். "இன்னைக்கு இடிக்கிறது நல்லா இருக்குடா. நேத்து இடிச்சது தலவலி." கோபம் வரும். ஆனால் நேற்றையதைத் திரும்பக் கேட்டால் அவள் சொன்னது சரியாக இருக்கும். அவள் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை.

அந்த ஸ்டோரில் ஒரு சங்கு, அதாவது சைரன், இருக்கிறது. காலையில் ஒருமுறை நீளமாக ஊதினால் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவேண்டும். விட்டுவிட்டு மூன்று முறை ஊதினால் மலை சரிகிறது, போட்டது போட்டபடி பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் அதற்கு ஒத்திகை வைத்தார்கள். எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் போனை உயர்த்திப் பிடித்துச் சங்கைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அவ்வளவு அழகான சத்தம் அது.

அதை வைத்துத்தான் அந்தப் பாட்டைச் செய்தேன். முதல் சங்கு தனியாக வரும். இரண்டாவதுக்கு அடியில் மெல்ல ஒரு துடிப்பு சேரும். மூன்றாவது ஊதி ஓய்ந்ததும் மேளமெல்லாம் ஒன்றாக விழும். அக்கா கேட்டுவிட்டு, "ஓடச் சொன்ன சங்குக்கு ஆட வச்சுட்டியேடா" என்று சிரித்தாள். அடுத்த வாரம் ஆட்டோக்களில் கேட்டது. பிறகு பண்டாரவளை பஸ்ஸில். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களின் போனில். கோயில் திருவிழாவில் தோட்டத் தலைவரே, "நம்ம சங்குப் பாட்டப் போடுங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். யாருக்கும் தப்பாகப் படவில்லை. நமது தோட்டத்துச் சத்தம் ஊரெல்லாம் கேட்கிறது என்று எல்லோருக்கும் பெருமை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு சிறிய இசை வெளியீட்டாளர் மின்னஞ்சல் போட்டார். பாட்டைத் தங்கள் வழியாக வெளியிட விரும்புவதாக எழுதியிருந்தார். கடையில் நின்றபடி அதை நாலு தடவை படித்தேன். பதில் எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே மழை பிடித்தது. நாலாம் நாள் மத்தியானம் மலை இறங்கியது. நான் பதுளையில் இருந்தேன். ரோடு அடைபட்டுப் போனது. மறுநாள் தெமோதரையிலிருந்து தண்டவாளத்தோடு நடந்து வீடு வந்தபோது எங்கள் லயத்தின் கடைசி மூன்று காம்பிராக்கள் இல்லை. அக்காவை அப்போதுதான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கிடத்தியிருந்தார்கள்.

அன்றைக்குச் சங்கை ஊதியது அண்ணன்தான். அவர் ஊதியும் லயத்தில் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. கூப்பாடு கேட்ட பிறகுதான் ஓடினார்கள். ஏன் என்று அம்மா பள்ளிக்கூட முகாமில் வைத்து என் காதோடு சொன்னாள்.

"ஓடுறப்ப அவ கதவத் தட்டுனேன்டா. உள்ள அடுப்புகிட்ட இருந்தா. 'அது தம்பி பாட்டு, எவனோ போன்ல போட்டிருக்கான்'னு சொன்னா. நான் நிக்காம ஓடிட்டேன். நீ இத யாருகிட்டயும் சொல்லிறாத."

அம்மா தன் பங்குக்கு அழுதாள். நான் அழவில்லை. அடக்கத்துக்கு எல்லோரும் நிற்கும்போது ஓரமாக ஒதுங்கி, பாட்டை இன்னும் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். வெட்கம்கெட்ட வேலை. ஆனாலும் பார்த்தேன். கருமாதிக்கு முதல் நாள் வெளியீட்டாளருக்குச் சம்மதம் என்று பதிலும் போட்டேன். அதை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் முகாமில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சவரம் செய்த முகம் யாரோ ஒருவருடையது போல இருந்தது.

"தம்பி, ஒனக்குத்தான் சத்தத்தப் பத்தித் தெரியும். ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அந்த மழையில ஸ்டோர் சங்கு நம்ம லயம் வரைக்கும் கேட்டிருக்குமா? மத்தவங்க எல்லாம் ஒண்ணும் ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

கேட்டது. அம்மாவுக்குக் கேட்டது, அக்காவுக்கும் கேட்டது. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவர் என்னை அடித்திருக்கலாம், அடித்திருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷனை இதற்குமேல் நோகடிக்கக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டில் எது அதிகம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"கேட்டிருக்காதுண்ணே," என்றேன். "கூரத் தகரத்துல மழ விழுற சத்தம் பெரிசு. ரெண்டு சத்தம் ஒண்ணா வந்தா ஒண்ணு மத்தத முழுங்கிரும். பாட்டு செய்யிறப்ப தெனமும் பாக்குறேன்ல."

தொழில் தெரிந்தவன் சொல்லும் பொய், கேட்க மிக நன்றாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் அங்கயே நின்னு ஊதியிருக்கக் கூடாது," என்றார். "ஸ்டோரத் தாண்டி ஓடுனவங்கள்ல அவ வரலயேனு திரும்பத் திரும்ப ஊதுனேன். ஸ்டோர்ல இருந்து லயம் எவ்வளவு தூரம்? அந்த நேரத்துக்கு ஓடி வந்திருந்தா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்."

உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

பாட்டு வெளியாகிவிட்டது. எங்கெங்கோ ஆடுகிறார்கள், சிலர் வீடியோ அனுப்புகிறார்கள். அண்ணன் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டார். தற்காலிகத் தகரக் கொட்டகையில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். என்னைப் பார்த்தால் கூப்பிட்டு உட்காரவைப்பார். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் என் மனசு நோகும்னு மழுப்புனாங்க. நீ ஒருத்தன்தான் தம்பி எனக்கு உள்ளதச் சொன்ன" என்றார்.